கேஸ் போடுவதற்கு முன்: காரின் ஏசி, மியூசிக் சிஸ்டம் பற்றி வாசகர் கேள்விகள்

பங்குனி முடிவதற்குள்ளாகவே வெயில் ஏறிவிட்டதால், இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை கார் ஏசியைப் பற்றியவை. மியூசிக் சிஸ்டம் குறித்து வந்தவற்றில் சிலவற்றை அடுத்து எடுத்துக்கொண்டிருக்கிறோம். ஒரே சந்தேகத்தைப் பலர் எழுப்பியிருந்த இடங்களில் ஒரு கடிதத்தை மட்டும் வெளியிட்டு, மற்றவர்களுக்கும் பொருந்தும்படி விடை தரப்பட்டிருக்கிறது.

கேள்வி: என்னுடைய கார் வாங்கி ஏழு ஆண்டுகள் ஆகின்றன. கடந்த மூன்று கோடைகளாக ஏசி சரியாகக் குளிர்வதில்லை. ஒவ்வொரு முறையும் மெக்கானிக், "கேஸ் கம்மியாயிருச்சுங்க, போட்டா சரியாயிருமுங்க" என்கிறார். போட்டால் சில மாதங்கள் நன்றாக இருக்கிறது. ஆண்டுதோறும் கேஸ் நிரப்புவது இயல்பானதுதானா?
– வாசகர், திருப்பூர்

பதில்: இயல்பானதன்று. ஏசி கேஸ், வண்டி ஓட ஓடத் தீர்ந்துபோகும் எரிபொருள் அல்ல. மூடிய குழாய்ச் சுற்றுக்குள் கம்ப்ரசர் அதை அழுத்தி அனுப்ப, ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் கண்டென்சரில் அது தன் சூட்டை வெளியே விட்டுத் திரவமாகிறது. பிறகு டேஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயிலில் மீண்டும் ஆவியாகி, அங்கு வரும் காற்றின் சூட்டை வாங்கிக்கொண்டு கம்ப்ரசருக்கே திரும்புகிறது. ரப்பர் குழாய்கள் வழியாகவும் கம்ப்ரசரின் ஷாஃப்ட் சீல் வழியாகவும் பல ஆண்டுகளில் சிறிதளவு கசிவது உண்டு. ஆனால் ஒரே ஆண்டில் குளிர்ச்சி தெரியும் அளவுக்குக் குறைகிறது என்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது என்றுதான் பொருள். அந்த இடத்தைக் கண்டுபிடிக்காமல் நிரப்பிக்கொண்டே இருப்பது செலவு மட்டுமல்ல. கேஸோடு சேர்ந்து சுற்றும் எண்ணெயும் கசிவின் வழியே வெளியேறுவதால், நாளடைவில் கம்ப்ரசரே தேய்ந்துபோகும். புதுக் கம்ப்ரசரின் விலையோடு ஒப்பிட்டால் கசிவு பார்க்கும் கூலி மிகச் சிறியது.

ஆயினும், திருப்பூரிலிருந்து இக்கேள்வி வரும்போது, கேஸைச் சந்தேகிப்பதற்கு முன் வேறொன்றைச் சந்தேகிக்கத் தோன்றுகிறது. உங்கள் காரில் வரும் காற்றின் வேகம் குறைந்திருக்கிறதா, அல்லது காற்று வேகமாக வந்தும் அதில் குளிர்ச்சி இல்லையா என்பதை முதலில் பிரித்துப் பாருங்கள். இரண்டும் வேறு வேறு நோய்கள். ப்ளோயரை நான்காம் எண்ணில் வைத்தும் காற்று மெதுவாகவே வந்தால், கேஸுக்கும் அதற்கும் பெரும்பாலும் தொடர்பில்லை; கேபின் ஃபில்டர் அடைத்திருக்கும். பெரும்பாலான கார்களில் கிளவ் பாக்ஸைக் காலி செய்து, அதன் இரு பக்கங்களையும் உள்நோக்கி அழுத்திக் கீழே இறக்கினால், பின்னால் நீள்சதுரமான ஒரு மூடி தெரியும். அதைத் திறந்து ஃபில்டரை வெளியே இழுங்கள். புதிதாக இருக்கும்போது வெள்ளைக் காகித மடிப்புகளாக இருக்கும் அந்தப் பொருள், பனியன் கம்பெனிகளும் நூற்பாலைகளும் நிறைந்த தெருக்களில் நிற்கும் வண்டிகளில், மடிப்பே தெரியாத அளவுக்குச் சாம்பல் நிறப் பஞ்சு படிந்து கம்பளித் துணியாக மாறியிருக்கும். விரலால் சுரண்டினால் பஞ்சு ஒரே ஏடாக உரிந்து வரும். பொள்ளாச்சிப் பக்கம் தென்னை நார்த் தூளும், பல்லடம் பக்கம் கோழிப் பண்ணைத் தூசும் இதே வேலையைச் செய்கின்றன. கார் கையேட்டில் 10,000 அல்லது 15,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை மாற்றும்படி போட்டிருந்தாலும், நம் பகுதியில் அதில் பாதி தூரத்திலேயே ஒரு முறை எடுத்துப் பார்ப்பது நல்லது. காகித ஃபில்டரைத் தண்ணீரில் அலசி மீண்டும் மாட்டாதீர்கள். சில கார்களின் அடிப்படை மாடல்களில் ஃபில்டருக்கான இடம் மட்டும் இருக்கும், ஃபில்டர் இருக்காது. அப்படியானால் அந்தப் பஞ்சு முழுவதும் நேராகக் கூலிங் காயிலில் போய்த்தான் ஒட்டியிருக்கும்.

காற்று வேகமாக வருகிறது, ஆனால் வண்டி ஓடும்போது குளிர்ந்து, சிக்னலில் நின்றதும் சூடாகிறது என்றால், கண்டென்சரையும் அதன் பின்னால் சுழலும் விசிறியையும் பாருங்கள். ஓடும்போது எதிர்க்காற்று செய்யும் வேலையை, நிற்கும்போது அந்த விசிறி செய்ய வேண்டும். கண்டென்சரின் மெல்லிய அலுமினியத் தகடுகளுக்கிடையே பூச்சியும் மண்ணும் அடைந்திருந்தால் சாதாரணக் குழாய்த் தண்ணீரைக் கொண்டு மெதுவாகக் கழுவுங்கள். வாட்டர் வாஷில் அதிக அழுத்தத்தில் பக்கத்தில் வைத்து அடித்தால் தகடுகள் மடிந்து, அடைப்பு நிரந்தரமாகிவிடும்.

இவையெல்லாம் சரியாக இருந்து, உண்மையிலேயே கேஸ்தான் குறைவு என்று தெரிந்தால், மெக்கானிக்கிடம் "டாப்-அப்" வேண்டாம் என்று சொல்லுங்கள். இருக்கும் கேஸை முழுவதும் இயந்திரத்தில் இறக்கி, கசிவைப் பார்த்து அடைத்து, வேக்குவம் போட்டுக் காற்றையும் ஈரத்தையும் நீக்கிய பிறகு, எடை பார்த்து நிரப்பச் சொல்லுங்கள். எந்தக் கேஸ், எத்தனை கிராம் என்பது பானெட்டுக்கு அடியில் ஒரு ஸ்டிக்கரில் அச்சிடப்பட்டிருக்கும். நம் சாலைகளில் ஓடும் கார்களில் பெரும்பாலும் அது ஆர்134ஏ. அளவு குறைந்தாலும் குளிராது, கூடினாலும் குளிராது. "கொஞ்சம் சேர்த்தே போட்டிருக்கேன்" என்பது இந்தத் தொழிலில் நல்ல செய்தி அல்ல.

கேள்வி: பகலில் வெயிலில் நிறுத்திய காரில் குழந்தைகளோடு ஏறியதும் ஏசியை 16-இல் வைத்து, வெளிக்காற்று வராதபடி பட்டனை அழுத்திவிடுகிறோம். அப்படியும் உள்ளே குளிர வெகுநேரம் ஆகிறது. நீண்ட பயணங்களில் எனக்குத் தலைவலியும் வருகிறது. எங்கே தவறு?
– வாசகி, கரூர்

பதில்: சித்திரை, வைகாசியில் 40 டிகிரியைத் தாண்டும் உங்கள் ஊரில், மூடி நிறுத்திய காரின் உட்புறம் வெளியைவிட மிக அதிகமாகக் கொதித்துக்கொண்டிருக்கும். வட்டம் போட்ட அம்புக்குறி உள்ள பட்டனை அழுத்தினால், ஏசி அந்தக் கொதிக்கும் காற்றையே மறுபடி மறுபடி எடுத்துக் குளிரவைக்கப் பார்க்கும். எனவே ஏறியவுடன் நான்கு கண்ணாடிகளையும் இறக்கி, வெளிக்காற்று வரும் நிலையில் ப்ளோயரை முழு வேகத்தில் வைத்து, ஓரிரு நிமிடம் வண்டியை ஓட்டுங்கள். உள்ளே இருந்த அனல் வெளியேறிய பிறகு கண்ணாடிகளை ஏற்றி, உள்காற்று சுழலும் நிலைக்கு மாற்றினால் விரைவாகக் குளிரும். குளிர்காற்று தானே கீழே இறங்கும் என்பதால், காற்று வரும் வாய்களை முகத்துக்கு நேராக வைக்காமல் சற்று மேல்நோக்கித் திருப்பிவிட்டால் பின்இருக்கை வரை சென்று சேரும்.

ஆட்டோமேட்டிக் ஏசியில் 16 என்று வைப்பதால் வேகமாகக் குளிரும் என்பது பரவலான தவறான எண்ணம். அந்த எண், குளிர்ச்சி எங்கே போய் நிற்க வேண்டும் என்பதைத்தான் சொல்கிறது. 24 என்று வைத்து 'ஆட்டோ' பட்டனை அழுத்தினாலும், தொடக்கத்தில் அது தன் முழு பலத்தோடுதான் ஓடும். 24-ஐ நெருங்கியதும் தானே ப்ளோயரைக் குறைத்துக்கொள்ளும். 16-இல் வைத்தால் அது குறையவே குறையாது, குழந்தைகள்தாம் நடுங்குவார்கள்.

தலைவலிக்கு உள்காற்று பட்டனே காரணமாக இருக்கலாம். நான்கைந்து பேர் மூச்சுவிடும் அடைத்த அறைக்குள் கரியமில வாயு கூடிக்கொண்டே போவதால், தலைபாரமும் ஓட்டுபவருக்கு உறக்கமும் வரும். அரை மணி நேரத்துக்கு ஒரு முறையாவது சில நிமிடங்கள் வெளிக்காற்றை உள்ளே விடுங்கள். லாரிப் புகைக்கும் சாயப்பட்டறை நாற்றத்துக்கும் நடுவே செல்லும்போது மட்டும் மூடிக்கொண்டால் போதும்.

கடிதத்தில் நீங்கள் கேட்காத இரண்டு செய்திகள். கடைக்குள் போய் ஐந்து நிமிடத்தில் வருகிறேன் என்று குழந்தையைக் காருக்குள் விட்டுப் போகக் கூடாது. வெயிலில் அந்த ஐந்து நிமிடம் போதும், வண்டி சூடாவதற்கு. நிறுத்திய காரில் எஞ்சினை ஓடவிட்டு ஏசி போட்டுக்கொண்டு உறங்கவும் கூடாது. புகைக்குழாயிலிருந்து கார்பன் மோனாக்சைடு வாயு உள்ளே கசிந்தால் அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. உறங்குபவர் எழவே மாட்டார்.

கேள்வி: ஆழியாறிலிருந்து வால்பாறை ஏறும்போது, மழைக்காலத்தில் முன்கண்ணாடி முழுவதும் மூடுபனி படிந்து பாதையே தெரிவதில்லை. துணியால் துடைத்துக்கொண்டே ஓட்டுகிறோம். குளிரில் ஏசி போடுவதா, ஹீட்டர் போடுவதா?
– வாசகர், பொள்ளாச்சி

பதில்: இரண்டையும் சேர்த்துப் போட வேண்டும். 40 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள பாதையில் ஒரு கையில் துணியோடு ஓட்டுவது பெரிய ஆபத்து என்பதால் இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

கண்ணாடியின் உட்புறம் படிவது உங்கள் மூச்சின் ஈரம். நனைந்த குடையும் செருப்பும் அதைக் கூட்டுகின்றன. ஏசி, காற்றைக் குளிர்விக்கும்போது அதிலிருக்கும் ஈரத்தைக் கூலிங் காயிலில் நீராக வடியவிட்டு, காற்றை உலர்த்தி அனுப்புகிறது. ஹீட்டரோ அந்த உலர்ந்த காற்றைச் சூடாக்கி, கண்ணாடியில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சும் திறனைக் கூட்டுகிறது. ஆகவே ஏசி பட்டனை அழுத்தி, வெப்பத் திருகைச் சிவப்புப் பக்கம் திருப்பி, வெளிக்காற்று வரும் நிலையில் வைத்து, காற்றை முன்கண்ணாடிக்கு அனுப்பும் வளைகோட்டுப் பட்டனைத் தேர்ந்தெடுங்கள். பல கார்களில் அந்தப் பட்டனை அழுத்தினாலே ஏசி தானாக ஓடத் தொடங்கும். விளக்கு எரிவதைக் கண்டு பயந்து நிறுத்த வேண்டாம். ஹீட்டருக்காகத் தனியே எரிபொருள் செலவாவதில்லை. எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் வெளியே கொட்டும் சூட்டைத்தான் அது பயன்படுத்துகிறது. ஊட்டியில் மார்கழி விடியலில் வெளி வெப்பநிலை பூஜ்யத்தை நெருங்கும்போது, பல கார்களில் கம்ப்ரசர் தன்னைக் காத்துக்கொள்ள ஓடாமல் நிற்கும். அப்போது ஹீட்டரும் வெளிக்காற்றும் மட்டுமே துணை.

மழை பெய்து ஓய்ந்த புழுக்கமான இரவில் சமவெளியில் வருகிறீர்கள், ஏசி முழுக் குளிர்ச்சியில் ஓடுகிறது, கண்ணாடி மங்குகிறது என்றால், பனி வெளிப்புறத்தில் படிந்திருக்கிறது. வைப்பரை ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். மறைந்தால் அது வெளிப்பனிதான். அப்போது கண்ணாடி மீது குளிர்காற்று படாமல் திருப்பி, குளிர்ச்சியையும் குறைக்க வேண்டும். உட்பனிக்கான வைத்தியத்தை வெளிப்பனிக்குச் செய்தால் நிலைமை மோசமாகும். பின்கண்ணாடியில் கிடைக்கோடுகளாகத் தெரிவன மின்கம்பிகள். அவற்றின் மேல் ஸ்டிக்கர் ஒட்டிப் பின்னர் பிளேடால் சுரண்டினால் கோடு அறுந்து, அந்த வரி மட்டும் தெளியாது.

மலை ஏறும்போது எஞ்சின் வெப்பமுள் மேலே போனால் ஏசியை நிறுத்திவிட்டு, ஹீட்டரை முழுச் சூட்டில், முழு வேகத்தில் வையுங்கள். வேர்க்கும், ஆனால் எஞ்சினின் சூடு ஒரு பகுதி உள்ளே இறங்கும். பாதுகாப்பான இடம் கிடைத்ததும் நிறுத்திவிடலாம். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்க வேண்டாம்.

கேள்வி: ஏசி போட்டவுடன் முதல் சில நிமிடங்கள் ஈரத்துணி நாற்றம் அடிக்கிறது. வாசனைப் புட்டி வாங்கி மாட்டியும் போகவில்லை.
– வாசகி, பெருந்துறை

பதில்: நனைந்த கூலிங் காயிலில் பூஞ்சை படிந்திருக்கிறது. வீடு சேர்வதற்கு இரண்டு, மூன்று நிமிடங்களுக்கு முன்பே ஏசியை மட்டும் நிறுத்தி, ப்ளோயரை ஓடவிட்டால் காயில் உலர்ந்துவிடும். இதைப் பழக்கமாக்கினால் நாற்றம் மீண்டும் வராது. இப்போது இருப்பதற்கு ஒரு முறை காயிலைச் சுத்தம் செய்து, ஃபில்டரை மாற்றியாக வேண்டும். இடப்புற இருக்கையின் கால்மிதியடி நனைந்திருந்தால், காயில் நீர் வெளியேறும் குழாய் அடைத்திருக்கிறது. ஏசி ஓடும்போது காருக்கு அடியில் நீர் சொட்டுவதுதான் ஆரோக்கியம். சொட்டாமல் உள்ளே தேங்குவதுதான் நோய். நாற்றம் ஈரமாக இல்லாமல் இனிப்பாக இருந்து, கண்ணாடியில் பிசுபிசுப்பும் படிந்தால், ஹீட்டரில் கூலன்ட் கசிகிறது. அதைத் தள்ளிப்போடக் கூடாது.

கேள்வி: ப்ளோயர் 1, 2, 3-இல் ஓடவில்லை. 4-இல் மட்டும் ஓடுகிறது. மோட்டாரை மாற்ற வேண்டும் என்கிறார்கள்.
– வாசகர், கோபிசெட்டிபாளையம்

பதில்: 4-இல் ஓடுகிறதென்றால் மோட்டார் நன்றாக இருக்கிறது. குறைந்த வேகங்களுக்கு மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் ரெசிஸ்டர் எரிந்திருக்கும். விலை குறைந்த சிறு பாகம். அதை மாற்றினால் போதும். அடைத்த ஃபில்டரால் காற்றோட்டம் குறைந்து ரெசிஸ்டர் சூடாவதும் உண்டு என்பதால், கையோடு ஃபில்டரையும் பாருங்கள்.

கேள்வி: தாராபுரத்தில் தெளிவாகக் கேட்கும் கொடைக்கானல் எஃப்எம், மேற்கே போகப்போக இரைச்சலாகிறது. கோவையை நெருங்கினால்தான் ரெயின்போ எஃப்எம் தெளிகிறது. போனைச் சார்ஜில் போட்டு ஒயர் வழியாகப் பாட்டுக் கேட்டால் 'ஙொய்ங்' என்ற சத்தம் வேறு. செட் கெட்டுவிட்டதா?
– வாசகர், தாராபுரம்

பதில்: கெடவில்லை. எஃப்எம் அலைகள் ஏறத்தாழ நேர்கோட்டில் செல்பவை. கொடைக்கானலின் 100.5 அலைவரிசைக்கு மலையுயரம் கோபுரமாக இருப்பதால்தான் இவ்வளவு தூரம் எட்டுகிறது. இடையே மலையோ மேடோ குறுக்கிட்டால் மங்கும். எனினும் ஊருக்குள்ளேயே இரைச்சல் வந்தால், ஆன்டெனாவின் அடிப்பகுதியைத் திருகி இறுக்குங்கள். வாட்டர் வாஷில் கழற்றியதைச் சரியாக மாட்டாமல் விடுவது அடிக்கடி நடக்கிறது. மலிவான சார்ஜர், டேஷ்கேம், எல்இடி பல்பு ஆகியவையும் எஃப்எம்மில் இரைச்சலைக் கிளப்பும். ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்தால் குற்றவாளி தெரிந்துவிடும்.

ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்க அந்த 'ஙொய்ங்' மேலேறுகிறதா என்று கவனியுங்கள். ஏறினால் அது, எஞ்சின் ஓடும்போது மின்சாரம் உண்டாக்கும் ஆல்டர்னேட்டரின் சத்தம். சார்ஜர் ஒயரும் ஆடியோ ஒயரும் ஒரே போனில் சேரும்போது மின்சுற்று உண்டாகி ஸ்பீக்கருக்கு வருகிறது. புளூடூத்தில் கேட்டால் பெரும்பாலும் நின்றுவிடும். ஒயரில்தான் கேட்க வேண்டுமென்றால், இடையே மாட்டும் கிரவுண்ட் லூப் ஐசோலேட்டர் என்ற சிறு கருவி கடைகளில் கிடைக்கிறது.

கேள்வி: என் மகன் புதுக் காரில் ஆம்ப், பெரிய வூஃபர் வைத்திருக்கிறான். பாட்டு அதிரும்போது ஹெட்லைட் மங்குகிறது. பெட்டியில் ஆயிரம் வாட் என்று போட்டிருக்கிறது. ஆபத்து உண்டா?
– வாசகர், நாமக்கல்

பதில்: ஒயரிங்கைப் பொறுத்தது. ஆம்புக்கான மின்சாரம், ஸ்டீரியோவின் ஒயரிலிருந்து ஒட்டி எடுக்கப்படாமல், பேட்டரியிலிருந்து தனிக் கனத்த செம்புக் கம்பியில் வர வேண்டும். அந்தக் கம்பியில் பேட்டரியிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் ஒரு ஃபியூஸ் இருந்தாக வேண்டும். ஃபியூஸ் இல்லாத கம்பி, கதவின் இரும்பு விளிம்பில் உராய்ந்து தோல் உரிந்தால் தீப்பிடிக்கும். இதில் தயவுதாட்சண்யம் வேண்டாம், இன்றே பானெட்டைத் திறந்து பாருங்கள். பாடியில் இணைக்கும் எர்த் ஒயரின் அடியில் பெயின்ட் சுரண்டப்பட்டிருக்க வேண்டும். இவை சரியாக இருந்தும் விளக்கு மங்கினால், ஆல்டர்னேட்டரின் திறனுக்கு மேல் ஆம்ப் இழுக்கிறது. ஆயிரம் வாட் என்பது பெரும்பாலும் கணநேர உச்சம். ஆர்எம்எஸ் என்று குறிப்பிட்டிருக்கும் எண்தான் உண்மையான திறன். கம்பெனி ஒயரை வெட்டி இணைத்திருந்தால் மின்பாகங்களுக்கான வாரன்டி மறுக்கப்படலாம். வெட்டாமல் மாட்டும் கப்ளர்கள் இருக்கின்றன.

ஸ்பீக்கர் கிழிவது பெரும்பாலும் அதிகச் சத்தத்தால் அல்ல, சிதைந்த சத்தத்தால். ஒலியளவைக் கடைசி மூன்றில் ஒரு பங்குக்கு ஏற்றாமல், பாஸ், ட்ரெபிள் இரண்டையும் உச்சத்தில் வைக்காமல் கேட்டால் நெடுநாள் உழைக்கும். காதுக்கும் கணக்கு இருக்கிறது: 85 டெசிபலை நாளுக்கு 8 மணி நேரம் தாங்கலாம் என்றால், ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். 100 டெசிபலில் மிஞ்சுவது 15 நிமிடம். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போதாவது, எதிரே இறங்கும் வண்டியின் ஹாரன் கேட்கும் அளவுக்குக் குறைத்துவைக்கும்படி மகனிடம் சொல்லுங்கள். அதைத் தந்தை சொல்வதைவிடத் தாய்மாமன் சொன்னால் எடுபடலாம்.

கேள்வி: டச் ஸ்கிரீனைச் சானிடைசரால் துடைத்ததில் திட்டுத்திட்டாகிவிட்டது. பென் டிரைவையும் அது படிக்கவில்லை. பேட்டரி மாற்ற வேண்டியும் இருக்கிறது. செட் 'கோட்' கேட்கும் என்கிறார்களே?
– வாசகி, கோவை

பதில்: ஸ்கிரீனின் மேற்பூச்சு போய்விட்டது, அது திரும்பாது. இனி மைக்ரோஃபைபர் துணியைச் சற்றே நனைத்து, வண்டி அணைந்திருக்கும்போது துடையுங்கள். திரவத்தை ஸ்கிரீன் மேல் நேராகத் தெளிக்க வேண்டாம். பல செட்டுகள் எஃப்ஏடி32 முறையில் ஃபார்மட் செய்த பென் டிரைவை மட்டுமே படிக்கும். பாட்டுகளைக் கணினியில் எடுத்துவைத்துக்கொண்டு, டிரைவை அப்படி மாற்றிப் பாருங்கள்.

எல்லாச் செட்டும் கோட் கேட்பதில்லை. கேட்கும் வகையாக இருந்தால், திருட்டைத் தடுப்பதற்காக, பேட்டரி இணைப்பு துண்டிக்கப்பட்டதும் பூட்டிக்கொள்ளும். பெரும்பாலும் நான்கிலக்க எண். கார் கையேட்டோடு வந்த சிறு அட்டையில் இருக்கும். பழைய கார் வாங்கியவர்கள் முந்தைய உரிமையாளரிடம் கேட்டு வாங்க வேண்டும். ஊகித்து எண்களை அடித்தால், சில தவறுகளுக்குப் பிறகு செட் நீண்ட நேரத்துக்கு முற்றிலும் பூட்டிக்கொள்ளும். எனவே அட்டை கையில் கிடைக்கும்வரை பேட்டரிக் கடைக்குப் போக வேண்டாம்.